சால்ஸ்பர்க் கோட்டைக்குள் பொம்மைகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சால்ஸ்பர்க் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "கோட்டைக்குள்ளே பொம்மைகளைப் பார்க்கப் போகிறீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் பதிலுக்கு ஒரு முழிப்புதான் கிடைக்கும். மொசார்ட் பிறந்த மஞ்சள் வீடு தெரியும், மிராபெல் தோட்டம் தெரியும், குன்றின் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையும் தெரியும், ஆனால் அந்தக் கோட்டைச் சுவருக்குள்ளேயே நூலில் ஆடும் பொம்மைகளுக்கென்று ஒரு மியூசியம் இருப்பது தெரியாது. தெரிந்து போகிறவர்களும் மேலே ஏறி, ஊரைப் பார்த்து, படம் எடுத்து, காபி குடித்து, கால் வலிக்க ஆரம்பித்த பிறகு, டிக்கெட்டில் சேர்ந்துதானே இருக்கிறது என்று கடைசிப் பத்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். கோட்டைக்குப் போய் கோட்டை விட்ட கதை.

இரண்டாம் முறை வரிசையை மாற்றிக்கொண்டேன், அது நன்றாக வேலை செய்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர் போய்ச் சேருங்கள்

ஆஸ்திரியாவில் இருந்தாலும் சால்ஸ்பர்க் ஜெர்மனி எல்லையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வியன்னாவிலிருந்து வேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், மியூனிக்கிலிருந்து அதைவிடக் குறைவு. மியூனிக்கில் தங்கியிருந்தால் 'பயர்ன் டிக்கெட்' என்ற ஒருநாள் சீட்டை வாங்குங்கள், சால்ஸ்பர்க் பெரிய ரயில் நிலையம் வரைக்கும் அது செல்லும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சீட்டில் போனால் தலைக்கு ரொம்பக் குறைவாக விழும். ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்னால் அது செல்லாது, வேக ரயில்களிலும் செல்லாது. இது தெரியாமல் ஏறிவிட்டு டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்ட நண்பர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான், இருந்தாலும் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள், திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது சாதாரணம்.

பெட்டி இருந்தால் நிலையத்திலேயே லாக்கரில் போட்டுவிடுங்கள். கோட்டைக்குள் முழுக்க உருளைக்கல் பாவிய தரை, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் பெட்டியும் தாங்காது, பக்கத்தில் நடப்பவர் காதும் தாங்காது.

சால்ஸ்பர்க் கார்டு என்று 24, 48, 72 மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. நகரப் பேருந்து, கோட்டை, மேலே ஏறும் ரயில், மொசார்ட் வீடுகள், ஹெல்ப்ரூன் அரண்மனை எல்லாம் அதில் அடங்கும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒருமுறை. கோட்டை மட்டும் போதும் என்றால் கார்டு தேவையில்லை. அதோடு இன்னும் இரண்டு இடம் பார்ப்பதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கார்டுதான் லாபம்.

அப்புறம் மழை. இந்த ஊர் மழைக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷ்னூர்ல்ரேகன்', அதாவது நூல் மழை. பெரிதாகக் கொட்டாது, வானத்திலிருந்து நூல் நூலாக இறக்கிவிட்ட மாதிரி, விடாமல், நாள் முழுக்கப் பெய்யும். பொம்மலாட்டத்துக்குப் பேர் போன ஊரில் மழைகூட நூலில்தான் வருகிறது. குடையைவிடத் தொப்பி வைத்த மழைச்சட்டை நல்லது, கோட்டைச் சுவரோரம் அடிக்கும் காற்றில் குடை நிற்காது.

கோட்டைக்கு முந்தின நாள் மாலை: ஆடும் பொம்மையைப் பாருங்கள்

இதுதான் நான் மாற்றிக்கொண்ட வரிசை. மியூசியத்தில் இருப்பது தொங்கும் பொம்மை. அது ஆடினால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய் நின்றால், அழகான உடை போட்ட மரக்கட்டையாகத்தான் தெரியும். அதனால் முடிந்தால் முதல் நாள் மாலை, ஆற்றுக்கு அக்கரையில் ஷ்வார்ஸ் தெருவில் இருக்கும் சால்ஸ்பர்க் மரியோனெட் (நூல் பொம்மை) தியேட்டரில் ஒரு காட்சி பார்த்துவிடுங்கள்.

இதைத் தொடங்கியவர் அன்டோன் ஐக்கர், ஒரு சிற்பி. 1913 பிப்ரவரியில் முதல் காட்சி, மொசார்ட் பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு சின்ன இசை நாடகம். 1926ல் மகன் ஹெர்மன் கைக்கு வந்தது, திருமணப் பரிசாக அப்பா தியேட்டரையே கொடுத்துவிட்டார் என்பார்கள். 1977 முதல் பேத்தி கிரெட்டில் நடத்தினார், 2012ல் இறக்கும் வரைக்கும். மூன்று தலைமுறை, ஒரே வேலை. ஷ்வார்ஸ் தெருக் கட்டடத்துக்கு வந்தது 1971ல். இவர்கள் பொம்மையை ஆட்டும் முறையை 2016ல் ஆஸ்திரியா தன் மரபுக் கலைகளுக்கான தேசியப் பட்டியலில் சேர்த்தது.

பாட்டும் இசையும் பதிவு செய்யப்பட்டவைதான், முழு ஓபரா. ஜெர்மன் புரியாதே என்று தயங்க வேண்டாம், கதையை முன்கூட்டியே அரைப் பக்கம் படித்துக்கொண்டு போனால் போதும். முதல்முறை என்றால் மொசார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' ஓடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள், பறவை பிடிப்பவன், பாம்பு, இரவின் அரசி என்று பொம்மைக்கென்றே எழுதின மாதிரி இருக்கும். முன்வரிசை டிக்கெட்டுக்காக அடித்துக்கொள்ளாதீர்கள், நடுவில் உட்கார்ந்தால்தான் நூல் கண்ணிலிருந்து மறையும். முதல் ஐந்து நிமிடம் நூல் தெரியும், கை ஆடுவது கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், பத்தாவது நிமிடத்தில் எல்லாம் போய்விடும், மேடையில் நிற்பவர்கள் ஆறடி ஆட்கள் என்றே மனசு எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஆட்டுவிப்பவர்கள் வந்து தலைகாட்டும்போதுதான் திடுக்கென்றிருக்கும், பூதம் மாதிரி ஒரு மனிதத் தலை!

தினமும் காட்சி கிடையாது, அதனால் ஊருக்குப் போகும் தேதியை முடிவு செய்யும் முன்னால் தியேட்டரின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய சால்ஸ்பர்க் இசை விழா நடக்கும், 1920ல் தொடங்கியது, அப்போது அறை வாடகை எகிறும், கூட்டமும் தாங்காது. அந்த மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

மறுநாள் காலை: மேலே ஏறுவது

பழைய ஊரின் பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் கபிட்டல் சதுக்கம். பெரிய தங்க நிறப் பந்தின் மேல் ஒரு ஆள் நிற்கும் சிற்பம் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் வழி தவறாது. அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் மேலே போகும் ரயிலின் அடி நிலையம் வரும். நம் பழனி விஞ்ச் மாதிரிதான், கயிற்றில் இழுபடும் பெட்டி, ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1892ல் தொடங்கியபோது இதற்கு மின்சாரமெல்லாம் கிடையாது, மேலே நிற்கும் பெட்டியில் தண்ணீரை நிரப்பி, அந்தக் கனத்தில் அது இறங்க, மற்றது ஏறியது. இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் மேலே விட்டுவிடுகிறார்கள், ஒரு நிமிடம்தான்.

நடந்தும் ஏறலாம், இருபது நிமிடம், நல்ல செங்குத்து. நான் சொல்வது: ரயிலில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் மேலே போய் பொம்மையைப் பார்க்கும் பொறுமை இருக்காது. மழை நாளில் மட்டும் இறங்கவும் ரயில்தான், ஈரமான உருளைக்கல்லில் நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன், விரும்பி இல்லை.

காலையில் கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். குளிர்காலத்தில் மாலை சீக்கிரம் மூடிவிடுவார்கள், கோடையில் நேரம் அதிகம்.

டிக்கெட் வாங்கும்போது இரண்டு வகை இருக்கும். அடிப்படை டிக்கெட்டிலேயே பொம்மை மியூசியம் சேர்ந்துவிடும். கூடக் கொஞ்சம் கொடுத்தால் அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட கிறிஸ்தவப் பேராயர்கள் வாழ்ந்த மேல்மாடி அறைகளையும் பார்க்கலாம். அங்கிருக்கும் தங்க மண்டபத்துக்காகவே அந்தக் கூடுதல் பணம் தகும் என்பேன், நீல மேற்கூரையில் தங்கக் குமிழ்களைப் பதித்து நட்சத்திர வானம் மாதிரி செய்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும்

எல்லாரும் நேராகக் கோபுரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள், 'மரியோனெட்டன்மியூசியம்' என்ற பலகையைத் தேடுங்கள். அம்புக்குறி போட்டிருப்பார்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் அறையில் நீங்களும் பொம்மைகளும் மட்டும்தான்.

சின்ன இடம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரிய மாளிகை முழுக்க பொம்மை இருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறாதீர்கள். வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் ஒரு மணி நேரம் இருந்தேன். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் நேரம் போவது தெரியாது.

முதலில் முகத்தை விட்டுவிட்டு மேலே பாருங்கள். நூல்கள் எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் மரத்தால் ஆன ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். அதுதான் பொம்மையின் மூளை. அங்கிருந்து ஒவ்வொரு நூலாக இறங்கி வாருங்கள்: தலையின் இரண்டு பக்கமும், தோள்களில், கைகளில், முழங்கால்களில், அப்புறம் முதுகின் அடியில் ஒன்று. அந்த முதுகு நூலைப் பலர் கவனிப்பதில்லை. பொம்மை குனிந்து வணங்க வேண்டுமென்றால் அந்த ஒரு நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை நூல்களைத் தளர்த்த வேண்டும், இடுப்பு நிற்கும், தலை தாழும். முந்தின நாள் மாலை நாடகம் பார்த்திருந்தால், அந்த அரசி எப்படி அவ்வளவு நளினமாகக் குனிந்தாள் என்பது இங்கே சட்டென்று புரியும். எனக்கு இந்த இடத்தில்தான் முதல்முறை விட்டது எதுவென்று தெரிந்தது.

நம் ஊர் பொம்மலாட்டத்தில் கலைஞர் தலையில் வளையம் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து தொங்கும் கயிற்றில் பொம்மையைத் தாங்கி, கம்பியால் கைகளை ஆட்டுவார், பொம்மையோடு சேர்ந்து அவரும் ஆடுவார். இங்கே ஆட்டுவிப்பவர் மேடைக்கு மேலே ஒரு பாலத்தில் நின்று குனிந்தபடி, தன் உடம்பை அடக்கிக்கொண்டு, விரல்களால் மட்டும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். முதுகு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது முகம். லிண்டன் மரத்தில் செதுக்கியவை, மென்மையான மரம், உளிக்கு இசைந்து கொடுக்கும். ஒரு முகத்தின் முன்னால் நின்று, நீங்களே உங்கள் தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும், மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கீழேயிருந்து பார்த்தால் சிரிக்கும் முகம் மேலேயிருந்து பார்த்தால் யோசிக்கும். முழுச் சிரிப்பும் வைக்காமல் முழுச் சோகமும் வைக்காமல் நடுவில் எங்கேயோ உளியை நிறுத்தியிருப்பார்கள், மீதியை மேடை வெளிச்சமும் தலைச் சாய்வும் பார்த்துக்கொள்ளும். கைகளையும் பாருங்கள், உடம்புக்கு ஏற்ற அளவை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகத்தைவிடக் கைதான் முதலில் தெரியும் இல்லையா, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மொசார்ட் பாத்திரங்களைத் தேடுவது போலவே பலர் இந்த ஊரில் நடக்கும் கதையான 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பொம்மைகளையும் தேடுவார்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: 1965ல் வந்த அந்தப் படத்தில் ஆடு மேய்க்கும் பாட்டில் வரும் பொம்மைகள் சால்ஸ்பர்க்கில் செய்தவை அல்ல, பில் பெயர்ட் என்ற அமெரிக்கக் கலைஞரின் குழு செய்தவை. சால்ஸ்பர்க்காரர்கள் அந்தக் கதையைத் தங்கள் பொம்மைகளை வைத்து மேடையேற்றியது 2007ல்தான்.

படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும், பொம்மை விழாது. குழந்தைகளோடு போனால் அவர்களை ஒரே ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அதன் நூல்களை எண்ணச் சொல்லுங்கள், அரை மணி நேரத்துக்குக் கவலை இல்லை.

கோட்டையின் மிச்சம்

இதைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது, நான் சுருக்கமாக முடிக்கிறேன். 1077ல் பேராயர் கெப்ஹார்ட் கட்டத் தொடங்கினார். இன்று பார்க்கும் உருவம் பெரும்பாலும் 1495 முதல் 1519 வரை ஆண்ட லியோன்ஹார்ட் வான் கொய்ட்சாக் கொடுத்தது. அவருடைய சின்னம் முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, டர்னிப் என்பார்கள், கோட்டை முழுக்க அதைச் செதுக்கி வைத்திருக்கிறார். எத்தனை கண்ணில் படுகிறது என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

1525ல் விவசாயிகள் கிளர்ச்சி செய்து கோட்டையைச் சுற்றி வளைத்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்து ஒரே ஒரு காளைதான் மிச்சம். அதை வெட்டித் தின்னாமல் தினம் ஒரு நிறம் பூசி மதில் மேல் நடத்திக் காட்டினார்களாம், வெளியே இருந்தவர்கள் உள்ளே காளைகள் குறையவே இல்லையே என்று மனம் விட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் காளையை ஆற்றில் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினார்களாம், அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு 'காளை கழுவிகள்' என்று பட்டப்பெயர். உண்மையோ பொய்யோ, பொம்மைக்கு முன்னாலேயே இந்த மதிலில் ஒரு ஆட்டம் நடந்திருக்கிறது. கோட்டையிலுள்ள 1502ம் வருடத்து எந்திர ஆர்கனுக்கும் (குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் இசைக்கருவி) 'காளை' என்றுதான் பெயர், அது எழுப்பும் சத்தம் அப்படி.

இறங்கும் முன் இன்னொன்று. கன்னியர் மடமான நான்பெர்க் பக்கமாகக் கோட்டையின் பின்புறச் சரிவைப் பார்த்தால் ரைஸ்சுக் என்ற ஒரு பழைய தண்டவாளம் தெரியும். சாமான் ஏற்றுவதற்காகப் போட்டது, 1515லேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது கயிற்றில் ஏறியது, ஐந்நூறு வருடம் கழித்து இன்றும் கோட்டைக்குச் சாமான் இதில்தான் ஏறுகிறது. நம்மை ஏற்றமாட்டார்கள்.

வயிற்றுக்கு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டு வாங்குங்கள். மாவுத் துண்டுகளைச் சீஸ் போட்டு வதக்கிய கேசெஷ்பெட்ஸ்லெ பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும், சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டைத் தூவிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கயிற்று ரயிலின் அடி நிலையத்துக்குப் பக்கத்திலேயே புனித பீட்டர் மடத்தின் பழைய ரொட்டிக் கடை இருக்கிறது, வாசலில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றும். விறகு அடுப்பில் சுட்ட புளித்த மாவு ரொட்டி, கனமாக, சூடாக இருக்கும், அதோடு ஒரு துண்டு சீஸ் இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அது திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அன்றைக்கு ஆஸ்திரியாவில் கடைகளே பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். ரயில் நிலையத்துக் கடைதான் கதி. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

பிற்பகல் மிச்சம் இருந்தால் ஹெல்ப்ரூன்

பொம்மை இன்னும் அலுக்கவில்லை என்றால், 25ம் எண் பேருந்தில் ஏறி ஹெல்ப்ரூன் அரண்மனைக்குப் போங்கள். இளவேனிலிலிருந்து இலையுதிர் காலம் வரைதான் திறந்திருக்கும். அங்கே தோட்டத்தில் தண்ணீரில் ஓடும் ஒரு இயந்திர நாடக மேடை இருக்கிறது, 1748க்கும் 1752க்கும் இடையில் லோரன்ஸ் ரோசனெகர் என்ற உப்புச் சுரங்கத் தொழிலாளி செய்தது. ஒரு ஊரே அதில் இருக்கிறது: ஏராளமான உருவங்கள், கொத்தனார், இறைச்சிக்காரர், சிப்பாய்கள், ஜன்னலில் எட்டிப் பார்ப்பவர்கள், எல்லாரும் தண்ணீர்ச் சக்கரத்தின் விசையில் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். உள்ளே பற்சக்கரங்கள் போடும் கடகட சத்தம் கேட்காமலிருக்க, அதே தண்ணீரில் ஓடும் ஆர்கன் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். தியேட்டரில் விரல் ஆட்டியது, இங்கே தண்ணீர் ஆட்டுகிறது.

இந்த அரண்மனையைக் கட்டியவர் பேராயர் மார்க்குஸ் சிட்டிக்குஸ், 1613 முதல் 1619 வரை. அவர் இங்கே தண்ணீர் விளையாட்டு வைத்து விருந்தாளிகளை நனைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அவருடைய அத்தை மகனும் முந்தைய பேராயருமான வோல்ஃப் டீட்ரிச் மேலே ஹோஹென்சால்ஸ்பர்க்கில் கைதியாக இருந்தார். அடைத்து வைத்திருந்தது மார்க்குஸ்தான். வோல்ஃப் டீட்ரிச் 1617ல் அங்கேயே இறந்தார்.

போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சட்டை ஒன்று இருந்தால் நல்லது. எந்தச் சிலையின் வாயிலிருந்து, எந்தப் படியின் ஓரத்திலிருந்து தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது, தரை ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இடத்தில் நிற்காதீர்கள் என்பதுதான் ஒரே குறிப்பு. தோட்டத்தில் கல் மேசை ஒன்று வரும், சுற்றிலும் கல் இருக்கைகள். உட்காரும் இடத்தின் நடுவிலேயே ஓட்டை. பேராயர் எழும் வரைக்கும் விருந்தாளிகள் எழக்கூடாது, எனவே நனைந்துகொண்டே சாப்பிட வேண்டும். ஓட்டை இல்லாத இருக்கை ஒன்றே ஒன்றுதான், அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.